நான் எழுதிய பஸ் ஸ்டாண்டு காட்சி

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு எஸ்டேட் பள்ளிக்கூடத்தை மாடு தேடிப் போன நாட்களில்தான் பார்த்தேன். எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் போய்விடும். அப்படிப்பட்டவன் முப்பது வருஷம் சினிமாவுக்கும் டிவிக்கும் வசனம் எழுதிப் பிழைத்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. எழுதினேன் என்பதும் சரியில்லை. நான் சொல்வேன், பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். நடந்துகொண்டே சொல்வேன். உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வராது. தேயிலைக் கொழுந்துக் காட்டில் நடந்தே பழகிய கால்.

எங்கள் எஸ்டேட் குமுளிக்குப் பக்கம். நான் அங்கே மருந்தடிக்கிற வேலையில் இருந்தேன். அப்போது ஒரு சினிமாக் கூட்டம் ஷூட்டிங்குக்கு வந்தது. கதாநாயகன் எஸ்டேட் தொழிலாளியாம். காலில் அட்டை ஏறியதும் அவர் போட்ட சத்தத்தில் மேல் மலையில் கொழுந்து எடுத்த பெண்களெல்லாம் கீழே ஓடி வந்துவிட்டார்கள், யாரோ செத்துப்போனார்கள் என்று. அவருக்கு உப்புத் துணி கட்டிவிடும் வேலை எனக்குக் கிடைத்தது. அப்படித்தான் நான் சினிமாவுக்குள் போனேன், ஒரு நடிகரின் கால் வழியாக.

அன்று ஒரு காட்சி எடுத்தார்கள். கதாநாயகன் கணக்கப்பிள்ளையிடம் போய் லீவு கேட்கிறார். கணக்கப்பிள்ளை என்றால் எங்களுக்கு ஆஜர் போடுகிறவர். கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்தி, "என் தாய் சாகக் கிடக்கிறாள், எனக்கு விடுப்பு வேண்டும்" என்று பேசினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைரக்டர் பார்த்துவிட்டார்.

"என்னய்யா சிரிக்கிற?"

"இப்பிடிக் கேட்டா கணக்கப்பிள்ள செவுட்டுல ஒண்ணு வைப்பாரு சார்."

"அப்ப நீங்க எப்பிடிக் கேப்பீங்க?"

"கேக்க மாட்டோம் சார். பக்கத்துல போயி நின்னுகிட்டே இருப்போம். ஆத்தாளுக்கு ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லுவோம். அவராக் கேக்குற வரைக்கும் நிப்போம்."

டைரக்டர் கதாநாயகனிடம், "வசனத்தைத் தூக்கிடுங்க. சும்மா நில்லுங்க" என்றார். அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் ஜனங்கள் அழுததாகச் சொன்னார்கள். படம் முடிந்ததும் டைரக்டர் ஆள் அனுப்பி என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். வீடு மனைவி பேரில் இருந்தது. அவள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அப்போது நாலு வயது. "போயிட்டு வாங்க, எங்க ஓடிப் போயிருவோம்" என்றாள் மனைவி.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வீட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எஸ்டேட்டில் லயம் என்று வரிசையாக வீடுகள் கட்டியிருப்பார்கள். அது நம் வீடு இல்லை. வேலையோடு ஒட்டிய வீடு. குடும்பத்தில் ஒருவர் பேர் வேலைக்கணக்கில் இருக்கிற வரைக்கும்தான் குடியிருக்கலாம். ஒருவர் நின்றால் இன்னொருவர் பேர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான். எத்தனையோ பிள்ளைகள் புத்தகப் பையை வைத்துவிட்டு அப்படிப் பேர் கொடுத்தவர்கள்தான். அப்பன் தலையிலிருந்து இறங்கும் மூட்டை மகன் தலையில் ஏறும். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானே அப்படிப் பேர் கொடுத்தவன்.

சென்னையில் நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அவர்கள் எழுத எழுத, எனக்கு ஒரு பேர் வந்தது. மருந்தடித்துக் கண் போனவர்கள் கதை, சாக்கடைக் குழியில் இறங்குகிறவர்கள் கதை, செங்கல் சூளைக் கதை. எந்தக் கதைக்குப் போனாலும் அந்த ஆட்களோடு ஒரு மாதம் போய் இருந்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். அவர்கள் பேசுவதைக் கேட்பதைவிட, அவர்கள் எங்கே பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பேன். பேட்டி எடுக்க வருகிறவர்கள் என்னைச் சமூக அக்கறை உள்ள எழுத்தாளர் என்பார்கள். முதல் தடவை கேட்டபோது, அது என்ன வியாதி என்று எழுதுகிற தம்பியிடம் விசாரித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் நானும் மேடைகளில் அதைச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அந்த நாட்களில் டிவிக்காரர்கள் எஸ்டேட் கதை ஒன்று தொடராக வேண்டும் என்றார்கள். வாரம் ஐந்து நாள், சாயங்காலம். நான் சந்தோஷத்தில் கால் தரையில் படாமல் திரிந்தேன். எங்கள் லயம், எங்கள் ஜனம், எங்கள் பேச்சு. தொடர் ஆரம்பித்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு மகளிடமிருந்து போன் வந்தது. எஸ்டேட் கடையிலிருந்து பேசினாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

"அப்பா, அம்மா இனிமே மலைக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நெஞ்சுல நீராம்."

"ம்."

"ஆபீசுல கேக்குறாங்க, வீட்டுக்கு யாரு பேரு குடுக்கப் போறீங்கன்னு."

"ம்."

"நர்சிங்குக்கு எழுதிப் போட்டிருந்தம்லப்பா, கம்பத்துல. எடம் கெடச்சிருச்சுன்னு லெட்டர் வந்திருக்கு. அம்மா குமுளி டெய்லர்கிட்ட வெள்ளச் சட்ட கூடத் தச்சு வாங்கிருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. கடைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி அரைக் கிலோ சீனி கேட்டாள், கடைக்காரர் பை இல்லை என்றார். அது எல்லாம் எனக்கு இன்றும் கேட்கிறது. மகளின் மூச்சும் கேட்டது.

நான் என்ன செய்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சென்னையில் ஒரு அறை பிடித்து இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கலாம். இல்லையென்றால் நானே மலையேறி வந்து மறுபடி மருந்து டின்னைத் தோளில் மாட்டியிருக்கலாம். எனக்கு அப்போது வேலை செய்கிற வயதுதான். ஆனால் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஜனங்கள் நிறுத்திப் பேசினார்கள். நான் சொன்னது இதுதான்.

"ஒரு வருசம் மட்டும் பேரு குடு தாயி. வீட்ட விட்டா அம்மாவ எங்க வைக்கிறது? அதுக்குள்ள நான் இங்க ஒரு எடம் பாத்துட்டு உங்களக் கூப்பிட்டுக்கிறேன். படிப்பு எங்க போயிரப் போகுது?"

"சரிப்பா."

கடையில் வேறு ஆள் போனுக்கு நிற்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தொடரில் ஒரு காட்சி வேண்டியிருந்தது. கதையிலும் ஒரு லயத்து வீடு, ஒரு அப்பன், நர்சிங் படிக்க இடம் கிடைத்த ஒரு மகள். அப்பனுக்கு வேலை செய்ய முடியாமல் போகிறது. மகள் பேர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீடு போய்விடும். எழுதுகிற தம்பி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நடந்தேன். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். ஒரே மூச்சில் வந்தது.

குமுளி பஸ் ஸ்டாண்டு. மலையிறங்கிக் கம்பம் போகிற பஸ் நிற்கிறது. மகள் வெள்ளைச் சட்டையை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு அப்பனை வழியனுப்பச் சொல்லாமல், போகிறேன் என்றும் சொல்லாமல் நிற்கிறாள். அப்பன் அவள் முகத்தைப் பார்க்கிறான். பிறகு சொல்கிறான்: "வீடு போனாப் போகுது. செவுரும் தகரமும்தான. எங்கயாவது ஒதுங்கிக்கிருவேன். நீ ஏறு. சட்டய இங்கயே போட்டுக்க, நான் ஒரு தடவ பாத்துக்கிறேன். போ தாயி."

தம்பி பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"அண்ணே, எப்பிடிண்ணே இதெல்லாம் தோணுது?"

"எங்க ஊருல நடந்ததுதாம்ப்பா" என்றேன்.

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. காட்சி சொல்லும்போது என் மகள் முகம் எனக்கு ஞாபகம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் எப்படி வந்தது? சட்டை என்றால் வெள்ளைச் சட்டை என்று எடுத்துக்கொடுக்க வந்தது. ஒரு தச்சனுக்கு நல்ல பலகை கையில் அகப்பட்ட மாதிரி இருந்தது எனக்கு. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அந்தக் காட்சி டிவியில் வருகிற வாரம் நான் வீட்டுக்கு வந்திருந்தேன், மனைவியைப் பார்க்க. எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் பெரிய டிவி இருந்தது. எல்லோரும் அங்கே கூடிவிட்டார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் கடைசியாக வந்தாள். கொழுந்து எடை போடுகிற இடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே கணுக்காலிலிருந்து ஒரு அட்டையை உருவி எறிந்துவிட்டு, ரத்தத்தில் புகையிலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

நடித்தவர் பெரிய நடிகர் இல்லை. நாடகக்காரர், வயதானவர். ஆனால் அந்த "போ தாயி"யை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகச் சொன்னார். பாதி வார்த்தை உள்ளேயே நின்றுபோய். பஸ் கிளம்பியது. வீடு முழுக்க மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ஏண்ணே, நாங்க வேலைக்குப் போயி அழுகுறது பத்தாதா, வீட்டுக்கு வந்தும் அழ வைக்கிறீக?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். "ஒரு டீயக் கூட நிம்மதியாக் குடிக்க விட மாட்டேங்குறாரு மனுசன்."

நான் பெருமையாகத் திரும்பி மகளைப் பார்த்தேன். பெருமையாக என்றுதான் எழுத வேண்டும். வேறு மாதிரி எழுதினால் அதுவும் பொய்.

அவள் டிவியைப் பார்த்தபடியே சொன்னாள், "அந்தப் புள்ளைக்கு நல்ல அப்பா அமஞ்சிருக்காரு."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பு பற்ற வைக்க வேண்டும் என்று போய்விட்டாள். மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவளும் எழுந்து மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். ஜனங்கள் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்கள். யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் எடை போடுகிற இடத்துக்குப் போனேன். பெண்கள் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மகளும் வந்தாள். மூட்டைக்கு அடியில் சும்மாடு வைத்திருந்தாள். மூட்டை இறக்கியதும் சும்மாடு நழுவிக் கீழே விழுந்து பிரிந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைத் துணி. கொழுந்துக் கறை ஏறிப் பச்சையும் கறுப்புமாக இருந்தது. அதில் ஒரு பாக்கெட் இருந்தது. பேனா சொருகுவதற்குத் தையல் விட்டுத் தைத்த பாக்கெட்.

"குடுங்கப்பா, நேரமாச்சு" என்று வாங்கிச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மேலே போனாள்.

ஒரு வருஷம் என்றேன் இல்லையா? அந்த வருஷம் முடிவதற்குள் மனைவி போய்விட்டாள். நான் மறுநாள்தான் வந்து சேர்ந்தேன். நர்சிங் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்தத் தொடருக்கு எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது மேடையில், பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று பேசினேன். நல்ல கைதட்டல். மகள் அதே வரிசையில் ஒரு ஜீப் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன், எஸ்டேட் கணக்கில் இல்லாதவன். அதனால் வீடு அவள் பேரிலேயே நின்றது.

பிறகு டிவியில் காலம் மாறியது. பாலில் விஷம் கலக்குகிற மாமியார்களைச் சொல்லச் சொன்னார்கள். "உங்க ஏழைங்கள இப்ப யாரும் பாக்கறதில்லண்ணே" என்றார் ஒரு மேனேஜர், மரியாதையாகத்தான். ஒரு வருஷம் மாமியாருக்காக விஷமும் கலந்து பார்த்தேன். எனக்குக் கைவரவில்லை. நான் சொன்ன மாமியார் பாலைக் கையில் வைத்துக்கொண்டு வருத்தப்பட ஆரம்பித்துவிடுவாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். வேறெங்கே வருவது? மகள் பேரில் இருக்கிற வீட்டில், அவள் போட்ட கட்டிலில், அன்றிலிருந்து படுத்திருக்கிறேன். ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சோறு சூடாகப் போடுவாள். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பாள், நர்ஸ் மாதிரி. இந்த வார்த்தையை நான் அவளிடம் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

போன மழைக்காலத்தில் கொச்சியிலிருந்து ஒரு பெண் டைரக்டர் வந்தார். சின்ன வயதுதான். ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டங்களைப் பார்த்துவிட்டு அப்படியே என்னைத் தேடி வந்திருந்தார். எஸ்டேட் பெண்களைப் பற்றிப் படம் எடுக்கிறாராம்.

"ஐயா, அந்த பஸ் ஸ்டாண்டு சீன் நான் குழந்தையா இருக்கும்போ கண்டது. அதை இப்போ இன்னும் ஒருக்கா எழுதித் தரணும். நிங்கள் எழுதினா மதி, வேற யாரும் வேண்டா" என்றார், மலையாளம் கலந்த தமிழில். மதி என்றால் போதும் என்று அர்த்தம்.

அவர் போன பிறகு பத்து நாள் எனக்கு வேறு நினைப்பில்லை. இந்தத் தடவை நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்பன் போனில் இருப்பான். மகள் கடையில் நிற்பாள். அவள் கேட்க மாட்டாள். அவன் "ஒரு வருசம் மட்டும்" என்பான். சட்டை சும்மாடு ஆகும். ஜனங்கள் அந்த அப்பனைப் பார்த்துக் காறித் துப்பட்டும். அதுதான் நான் அவளுக்குச் செய்யக்கூடியது என்று நினைத்தேன். ஆனால் அவளிடம் சொல்லாமல் மறுபடி எடுக்கக் கூடாது. ஒரு தடவை எடுத்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது கத்தரி வைத்துத்தான் கொழுந்து வெட்டுகிறார்கள். நாள் முழுக்கக் கத்தரி பிடித்துத் தோள்பட்டை இறங்கிவிட்டது அவளுக்கு. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே காட்சியைச் சொன்னேன். சீனி கேட்டவளைக்கூட விடவில்லை. சும்மாடு விழுந்ததையும் சொன்னேன். முடித்துவிட்டு நின்றேன்.

அவள் தைல பாட்டிலை மூடினாள்.

"வேண்டாம்ப்பா."

"நடந்தது அதுதான தாயி?"

"நடந்தது எனக்குத் தெரியாதா? அதத்தான தெனமும் பாக்குறேன். படத்துல வேற எதுக்கு?"

அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். என் கேடயத்தின் மேல்தான் அவள் போனைச் சாய்த்து வைப்பது வழக்கம். எதையும் தேடாமல், கை பழகின இடத்தில் தட்டினாள். பஸ் ஸ்டாண்டு வந்தது. யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போனில் பார்க்கிற மாதிரி போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. அந்த நாடகக்காரர் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் மகளைப் பார்த்தார். "வீடு போனாப் போகுது. செவுரும் தகரமும்தான" என்றார்.

என் மகளின் உதடும் கூடவே அசைந்தது. ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம். "போ தாயி" வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"கொழுந்துக் காட்டுல சோறு திங்குறப்ப பாப்பேன்" என்றாள். "நீங்க சொன்னதுதான் இது. உங்க வாயில இருந்து வந்ததுதான். எனக்குன்னு இது ஒண்ணுதாம்ப்பா இருக்கு. இதையும் மாத்திப்புடாதீங்க."

இத்தனை வருஷமாக அவள் அந்தக் காட்சியை வெறுக்கிறாள் என்று நினைத்திருந்தேன். வெறுத்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நான் வாயைத் திறந்தேன். அந்த இரண்டு வார்த்தையை இப்போதாவது நானே சொல்லிவிடலாம் என்று. அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

"நீங்க சொல்ல வேண்டாம். அவரு சொன்னதே போதும்."

பிறகு என்ன நினைத்தாளோ, லேசாகச் சிரித்தாள். "பேப்பர்ல எழுதிக்குங்க வேணும்னா. உங்க எழுத்த யாரு படிக்கப் போறா, கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

அதனால்தான் எழுதுகிறேன். கொச்சிக்குப் போன் போட்டு, என்னிடம் கதை எதுவும் இல்லை அம்மா, வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நம்பவில்லை.

இப்போதும் காலையில் சங்கு ஊதியதும் மகள் காலுக்குத் துணி சுற்றி, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, கத்தரியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். நான் அதற்கு முன்னாலேயே எழுந்து வாசலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. நின்றுகொண்டே இருக்கிறேன், அவளாகக் கேட்கிற வரைக்கும் என்று. "பனியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேட்டில் ஏறிப் போகிறாள்.